'க்ரூஸ் கொட்' என்பவருக்கு என்ன பதில் சொல்வது?

தங்கை, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதே குழப்பத்தில் இருக்கும் வேறு சிலரும் படிக்கக்கூடும். கணவரும் நான்கு வயது மகளுமாக, ஜெர்மனியின் தென்கோடி மாநிலமான பவேரியாவில் ஒரு சின்ன ஊருக்குக் குடிவந்து சில மாதங்கள் ஆகின்றன. கீழ்வீட்டுப் பாட்டி மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் 'க்ரூஸ் கொட்' என்கிறார். பேக்கரியிலும் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் அதே. நீங்கள் 'ஹலோ' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். "நாங்கள் இந்துக்கள். அதைத் திருப்பிச் சொன்னால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது, சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவோ என்று உறுத்துகிறது. கிறிஸ்துமஸ் வேறு வருகிறது. ஜனவரியில் பிள்ளைகள் வந்து வாசல் நிலையில் சாக்பீஸால் எழுதுவார்களாம், அதற்கு என்ன செய்வது?" இதுதானே?

பாட்டிக்குத் திருப்பிச் சொல்லுங்கள். அதே சொற்களில், முகத்தைப் பார்த்து, கொஞ்சம் சிரித்து. பொய் ஒன்றும் இல்லை. 'கடவுள் உங்களை வாழ்த்தட்டும்' என்பதுதான் அதன் பழைய பொருள். தெற்கு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் இன்று அது 'வணக்கம்' சொல்லும் இடத்தில் இருக்கிறது. கோயிலுக்குப் போகாதவர்களும் சொல்கிறார்கள், என் தெருவில் காய்கறிக் கடை வைத்திருக்கும் துருக்கிக்காரரும் சொல்கிறார். ஜெர்மனி முழுவதும் கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் திருச்சபைகளின் உறுப்பினர்களைக் கூட்டினாலும் 2022 முதல் மக்கள்தொகையில் பாதிக்கும் குறைவு. அதனால் உங்களிடம் 'க்ரூஸ் கொட்' சொல்பவர் உங்கள் மதத்தைச் சோதிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். நீ இங்கே இருக்கிறாய், உன்னைப் பார்த்துவிட்டேன் என்கிறார், அவ்வளவுதான்.

'ஹலோ' தவறு இல்லை. மியூனிக் அலுவலகங்களில் பலர் அதுதான் சொல்கிறார்கள், நெருங்கியவர்கள் 'செர்வுஸ்' என்பார்கள். ஆனால் சின்ன ஊரில், வயதானவரிடம், அவர் சொன்ன வாழ்த்தை அப்படியே திருப்பித் தருவதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. வடக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் சிலர், அதை 'கடவுளுக்கு வணக்கம் சொல்' என்று எடுத்துக்கொண்டதுபோல, 'அவரைப் பார்த்தால் சொல்கிறேன்' என்று வேடிக்கையாகப் பதில் சொல்வார்கள். அலுவலகத்தில் யாராவது அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளாதீர்கள். பாட்டிக்கு அது பழைய ஜோக், கேட்டுக் கேட்டுச் சலித்தது.

மதம் மாறுவதுபோல ஒரு பயமும் உங்கள் கேள்வியின் அடியில் தெரிகிறது. இந்த நாட்டில் திருச்சபை உறுப்பினர் என்பது ஞானஸ்நானமும் அரசுப் பதிவும் சேர்ந்த விஷயம். முகவரி பதியப் போனபோது மதம் கேட்ட கட்டம் நினைவிருக்கும். அங்கே கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டன்ட் என்று பதிவானவர்களுக்குத் திருச்சபை வரி உண்டு, பவேரியாவில் வருமான வரியில் 8 சதவீதம். மாடிப்படியில் சொல்லும் ஒரு வணக்கம் அந்தப் பதிவில் எதையும் மாற்றாது. வீட்டில் விளக்கேற்றிக் கும்பிடுவதையும் மாற்றாது.

இனி, வணக்கத்தைத் தாண்டி உண்மையிலேயே ஆசி சொல்லும் இடங்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

பாட்டியின் காய்கறிப் பையை மேல்மாடி வரை தூக்கிக்கொடுத்தால் அவர் 'டாங்கெ' (நன்றி) என்று நிறுத்திக்கொள்ளாமல் 'ஃபெர்கெல்ட்ஸ் கொட்' என்று சொல்லக்கூடும். கடவுள் உனக்கு இதற்குப் பலன் தரட்டும் என்கிறார். நம் ஊர் ஆயா 'நீ நல்லா இருக்கணும்மா' என்று சொல்லும் அதே கனத்தோடு சொல்வார். மரபான பதில் 'செக்ன்ஸ் கொட்', கடவுள் அதை ஆசீர்வதிக்கட்டும் என்று. அது வாயில் வராவிட்டால் 'கெர்ன் கெஷேயென்' போதும், மகிழ்ச்சியோடு செய்தேன் என்று பொருள். எதைச் சொன்னாலும் அவசரமாகச் சொல்லிவிட்டு ஓடாதீர்கள். ஆசி சொல்பவர் அது போய்ச் சேர்ந்ததா என்று ஒரு நொடி பார்ப்பார். அந்த நொடி நின்றுவிட்டால் பாதிப் பதில் சொன்ன மாதிரி.

நோயோ கஷ்டமோ வரும்போது 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்பார்கள். திருவாரூரில் என் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் என்னால் ஊருக்குப் போக முடியவில்லை. எதிர்வீட்டு அம்மா அது தெரிந்து ஆல்டோட்டிங் போய் வந்தார். பவேரியாவின் பெரிய மாதா யாத்திரைத் தலம் அது. போப்பாக இருந்த பதினாறாம் பெனடிக்ட் பிறந்த மார்க்ட்ல் அதற்குப் பக்கத்து ஊர்தான். சின்னக் கோயில், உள்ளே கறுப்பு மாதா. வெளித் தாழ்வாரத்துச் சுவர் முழுக்க, நேர்ந்துகொண்டு குணமானவர்கள் வைத்த சின்னச் சின்ன ஓவியங்கள். மரச் சிலுவையைத் தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருகிறவர்களும் உண்டு. எதிர்வீட்டு அம்மா அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து என் கதவைத் தட்டி, "உங்கள் அம்மாவுக்காக ஒன்று ஏற்றினேன், உங்களுக்குச் சரிதானே?" என்று கேட்டார். கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார். நான் 'ஃபெர்கெல்ட்ஸ் கொட்' என்றேன். அதைவிடப் பொருத்தமான பதில் எனக்கு இன்று வரை தெரியாது. அப்புறம் காபி போட்டுக்கொடுத்து வேளாங்கண்ணியைப் பற்றிச் சொன்னேன். மதம் பார்க்காமல் எல்லோரும் போகும் மாதா கோயில் எங்கள் ஊர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது, அம்மா அங்கே நடந்தே போயிருக்கிறார் என்று. அந்த அம்மாவின் முகத்தில் இருந்த தயக்கம் அப்போதுதான் போனது.

அதனால் யாராவது உங்களுக்காக ஜெபிப்பதாகச் சொன்னால், 'நான் கிறிஸ்தவள் இல்லை' என்று ஆரம்பிக்காதீர்கள். அது அவர்களுக்குத் தெரியும், உங்கள் நெற்றியிலேயே பொட்டு இருக்கிறது. 'டாங்கெ, தாஸ் இஸ்ட் லீப் ஃபோன் ஈனென்', நன்றி, உங்கள் அன்பு அது, என்று சொல்லுங்கள். 'எல்லாம் ஒரே கடவுள்தானே' என்றும் உடனே சொல்லாமல் இருப்பது நல்லது. நல்லெண்ணத்தில்தான் நாம் அப்படிச் சொல்கிறோம், எனக்குத் தெரியும். ஆனால் ஆழ்ந்த விசுவாசம் உள்ளவருக்கு, தான் கொண்டுவந்து நீட்டியதை நாம் வாங்காமல் அதற்கு விளக்கம் சொல்வதுபோல் இருக்கும். முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பழகியபிறகு கடவுளைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

கிறிஸ்துமஸுக்குப் பெரிய சிக்கல் இல்லை. டிசம்பர் முழுவதும் 'நல்ல ஆட்வெண்ட் காலம்' (கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்புக் காலம் அது), 'நல்ல விடுமுறை நாட்கள்', கடைசியில் 'ஃப்ரோஹ வைநாக்டன்', அதாவது கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், என்பார்கள். எல்லாவற்றுக்கும் 'டாங்கெ, ஈனென் ஔக்', நன்றி, உங்களுக்கும், என்பது பொருந்தும். நீங்களே முந்திக்கொண்டு வாழ்த்தினால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். இங்கே 24-ம் தேதி மாலைதான் குடும்பமாகக் கூடும் நேரம். மதியத்தோடு கடைகள் மூடிவிடும், 25, 26 இரண்டும் விடுமுறை. கேக் கொடுக்கப் போவதென்றால் 23-ம் தேதியோ 24 காலையிலோ போய்விடுங்கள். மாலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டாதீர்கள்.

புனித வெள்ளி வேறு மாதிரி. வாட்ஸ்அப்பில் நம் குழுக்களில் 'ஹேப்பி குட் ஃபிரைடே' என்று பூவோடு படம் சுற்றும். அதை ஜெர்மன்காரர்களுக்கு அனுப்பிவிடாதீர்கள். அது இயேசு இறந்த நாள். பவேரியாவில் சட்டப்படியே அமைதி நாள், அன்று நடன நிகழ்ச்சிகள் நடத்தக் கூடாது. வியாழன் மாலை அலுவலகம் விட்டுக் கிளம்பும்போது 'ஃப்ரோஹ ஓஸ்டர்ன்' என்று ஈஸ்டருக்கு வாழ்த்துவார்கள், அதையே நீங்களும் சொல்லுங்கள். நவம்பர் 1 கல்லறைக்குப் போகும் நாள், அன்றும் அமைதிதான், வாழ்த்து எதுவும் கிடையாது. ஈஸ்டர் காலையில் பாட்டி கோயிலுக்குக் கூடை கொண்டுபோய் ரொட்டி, முட்டை, பன்றித் தொடைக்கறி, உப்பு எல்லாம் மந்திரித்து எடுத்துவந்து, சாயம் பூசிய முட்டை ஒன்றோ ஆட்டுக்குட்டி வடிவக் கேக்கோ உங்களுக்கும் தரலாம். முட்டை சாப்பிடாதவர்களாக இருந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மந்திரித்த பொருளைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள், சாப்பிடும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

இப்போது நீங்கள் பயப்படும் அந்தச் சாக்பீஸ் விஷயம். பவேரியாவில் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜனவரி 6, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் திருநாள், இங்கே அரசு விடுமுறை. அதையொட்டிய நாட்களில் ஊர்த் தேவாலயமான பங்குக்கோயிலின் பிள்ளைகள் ராஜா வேடம் போட்டு, கம்பில் ஒரு நட்சத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். ஷ்டெர்ன்ஸிங்கர் என்று பெயர். தங்கக் காகிதக் கிரீடம், வெல்வெட் அங்கி, அங்கிக்குள்ளே புடைத்துக்கொண்டு நிற்கும் குளிர் ஜாக்கெட், கையில் உண்டியல். சில குழுக்கள் சாம்பிராணித் தூபமும் கொண்டுவரும், வாசனை நம் வீட்டு வெள்ளிக்கிழமை போலவே இருக்கும். ஒரு பாட்டு பாடி, ஆளுக்கு இரண்டு வரி சொல்லிவிட்டு, நிலைக்கு மேலே எழுதுவார்கள். 2026 என்றால் முன்னால் 20, ஒரு நட்சத்திரம், நடுவில் சி, எம், பி என்ற மூன்று எழுத்துகள் சிலுவைக் குறிகளோடு, கடைசியில் 26. 'கிறிஸ்து இந்த வீட்டை ஆசீர்வதிப்பாராக' என்ற லத்தீன் வாக்கியத்தின் முதலெழுத்துகள் அவை. மூன்று ராஜாக்களின் பெயரெழுத்துகள் என்றும் சொல்வார்கள். உண்டியல் பணம் உலகம் முழுவதும் ஏழைக் குழந்தைகளுக்கான திட்டங்களுக்குப் போகிறது. ஜெர்மனியில் இந்த நிதி திரட்டல் 1959-ல் தொடங்கியது.

அவர்கள் வந்தால் கதவைத் திறங்கள். பெரிய குடியிருப்புகளில் எத்தனையோ கதவுகள் திறப்பதில்லை, அந்தப் பிள்ளைகள் படியேறி இறங்கிக் களைத்திருப்பார்கள். பாட்டு முடியும் வரை மகளையும் கூப்பிட்டு நிறுத்திக் கேளுங்கள், நடுவில் பர்ஸ் தேட உள்ளே போகாதீர்கள். ஐந்தோ பத்தோ யூரோ முன்பே எடுத்து வையுங்கள், பிள்ளைகளுக்குத் தனியாகக் கொஞ்சம் சாக்லேட். 'ஃபீலன் டாங்க்', மிக்க நன்றி, என்று சொல்லி, நன்றாகப் பாடினீர்கள் என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். எழுதுவது உங்களுக்கு மனதுக்கு ஒப்பவில்லை என்றால், எழுத வேண்டாம், காணிக்கை மட்டும் தருகிறேன் என்று சொல்லலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். என் வீட்டில் எழுதச் சொல்கிறேன். நிலையில் மாவிலைத் தோரணம், அதற்கு மேலே அந்த எழுத்து. பிள்ளைகள் தோரணத்தைத் தொட்டுப் பார்த்து இது என்ன என்று கேட்பார்கள், நான் சொல்வேன். உங்கள் ஊரில் வீட்டுக்கு வரவேண்டும் என்றால் முன்பே பெயர் கொடுக்க வேண்டியிருக்கலாம், பாட்டியைக் கேளுங்கள். கேட்டாலே அவருக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு எளிது. வாழ்த்தை வாங்குவேன், திருப்பித் தருவேன். சாப்பாட்டு மேசையில் ஜெபம் சொன்னால் கரண்டியைத் தொடாமல் அமைதியாக உட்கார்ந்திருப்பேன், பக்கத்தில் இருப்பவர் கையை நீட்டினால் பிடித்துக்கொள்வேன். 'ஆமென்' சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. திருப்பலி என்னும் கோயில் வழிபாட்டுக்கு, கல்யாணத்துக்கு, பிள்ளைகள் முதன்முதலாகப் புனித அப்பம் வாங்கும் முதல் நன்மைக்குக் கூப்பிட்டால் போவேன், மற்றவர்கள் எழுந்தால் எழுவேன். ஆனால் நன்மை வாங்க வரிசையில் போய் அப்பத்துக்குக் கை நீட்ட மாட்டேன். அது அவர்களுக்கு மிகப் புனிதமானது, விசுவாசிகளுக்கு மட்டுமானது. மரியாதை என்று நினைத்து நாம் வாங்குவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. மதம் மாறச் சொல்லி வற்புறுத்துகிறவர்கள் கதவைத் தட்டினால் 'நைன், டாங்கெ' (வேண்டாம், நன்றி) போதும், விளக்கம் தேவையில்லை.

மகள் போகும் கிண்டர்கார்டன் பங்குக்கோயில் நடத்துவது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அது சாதாரணம். நவம்பரில் புனித மார்ட்டின் விளக்கு ஊர்வலம், டிசம்பர் 6-ல் புனித நிக்கோலஸ் நாள், சாப்பாட்டுக்கு முன் கைகோத்து ஒரு ஜெபம் என்று வருடம் முழுக்க இருக்கும். அவள் வீட்டுக்கு வந்து பூஜை அறையில் கையைக் கோத்துக்கொண்டு நின்றால் பதறாதீர்கள். அங்கே அப்படிக் கும்பிடுவார்கள், இங்கே இப்படிக் கும்பிடுவோம் என்று சொன்னால் நான்கு வயதுக்கு நன்றாகவே புரியும். ஆசிரியையிடம் தீபாவளி, பொங்கல் தேதிகளை இப்போதே எழுதிக்கொடுத்துவிடுங்கள். பல இடங்களில் அவர்களே கேட்டு வாங்கிக் காலண்டரில் குறித்துக்கொள்கிறார்கள். மூன்று ராஜாக்கள் போன அடுத்த வாரமே பொங்கல் வருகிறது. கீழ்வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோங்கள். முந்திரி ஒத்துக்கொள்ளுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், சிலருக்கு அலர்ஜி உண்டு.