பட்டினி கிடக்கும் உடலில் ஆசை எங்கே போகிறது?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 34. ஐந்து மாதங்களாகக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்து 18 கிலோ எடை குறைத்திருக்கிறேன். எல்லோரும் பாராட்டுகிறார்கள், ஆனால் நான் நானாக இல்லை. நள்ளிரவில் எழுந்து, கைபேசியின் ஒலியை அணைத்துவிட்டு, சமையல் காணொளிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கிறேன். சாப்பிட நேருமே என்ற அச்சத்தில் தோழிகளைச் சந்திப்பதில்லை. கணவர் மேல் எந்தக் குறையும் இல்லை. இருந்தும் தாம்பத்தியத்தில் நாட்டம் அடியோடு போய்விட்டது. சென்ற வாரம் அவர் என் தோளில் கை வைத்தபோது, என் மனம் அன்றைய கலோரிக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டு, "என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மாதங்களாக மாதவிடாயும் வரவில்லை; எடை குறைந்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் அன்பு வற்றிவிட்டதா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மாதவிடாய்ச் செய்தியிலிருந்தே தொடங்குகிறேன்; உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதில் இருக்கக்கூடும். கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், உடலின் சேமிப்பு எவ்வளவு என்பதை மூளையிலுள்ள ஹைப்போதலாமஸுக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. உணவு குறைந்து லெப்டின் சரியும்போது, ஹைப்போதலாமஸ் ஒருபுறம் பசியைத் தூண்டுகிறது. மறுபுறம், கருமுட்டை முதிர்வதற்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் சுரப்பதற்கும் வேண்டிய சமிக்ஞைகளைக் குறைத்துவிடுகிறது. உயிரைக் காப்பதே பெரும்பாடாகிவிட்ட காலத்தில், உடல் இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. அதனுடன் பாலியல் நாட்டமும் ஒதுங்கிக்கொள்கிறது.

1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்கள் சம்மதத்துடன், 24 வாரங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்த அவர்கள், சமையல் புத்தகங்களை மணிக்கணக்கில் படித்தார்கள், நண்பர்களிடமிருந்து விலகினார்கள், பாலுறவு பற்றிய நினைப்பே இல்லாமல் போனார்கள். உங்கள் கைபேசித் திரையை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். போதிய உணவு கிடைத்த பிறகு, பலருக்கு மாதக்கணக்கில் ஆனாலும், இவை படிப்படியாகச் சீரடைந்தன.

தோழிகளைத் தவிர்ப்பது எனக்குக் கூடுதல் கவலை தருகிறது. 2020இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து மணி நேரம் தனிமையில் இருந்தவர்கள் மனிதர்கள் கூடியிருக்கும் படங்களைப் பார்த்தபோது, பட்டினி கிடந்தவர்களின் மூளை உணவுப் படங்களுக்கு எழுச்சி கொண்டதைப் போன்றே, நடுமூளையின் அதே பகுதி எழுச்சி கொண்டது. நீங்கள் இப்போது இரண்டு பசிகளை ஒரே நேரத்தில் தாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருத்தரிப்பு, தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின் ஆகியவற்றைச் சோதித்த பின்பே எடைக்குறைப்புதான் காரணம் என்று முடிவுக்கு வர முடியும். ஈஸ்ட்ரோஜன் நீண்ட நாள் குறைந்திருந்தால் எலும்பும் பலவீனமடையும். உணவியல் நிபுணரின் துணையோடு உணவின் அளவைக் கூட்டத் தொடங்குங்கள். பிறர் முன் சாப்பிடும் அச்சத்தை மனநல மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அது தானாக விலகும் என்று காத்திருக்க வேண்டாம்.

கணவரின் கேள்வி இன்னும் பதிலின்றி நிற்கிறது. "உங்களைப் பிடிக்காமல் போகவில்லை. என் உடல் பட்டினியில் இருக்கிறது, மருத்துவரிடம் போகும்போது நீங்களும் கூட வாருங்கள்" என்று இன்றிரவே சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்