பணம் கேட்கப் போகுமுன் இடம் யார் பேரில் என்று பாருங்கள்

நெல்லைப் பக்கத்துச் சின்னச் சின்ன அறக்கட்டளைகளுக்குப் பல வருடமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். குளக்கரையில் மரம் வைக்க, படித்துறை மண்டபத்தைச் செப்பனிட, பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டுப் பழக்க என்று நிதி தேடி அலைகிறவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணாச்சி, மானூர்ப் பக்கம் எங்கள் ஊர். குளத்தைச் சுற்றி மரம் நட ஒரு கம்பெனியிடம் சிஎஸ்ஆர் (கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும்) பணம் கேட்கலாமா? எங்களிடம் இருப்பது நற்பணி மன்றம், பதிவு செய்யவில்லை.

கேட்கலாம் தம்பி, ஆனால் பதிவு இல்லாத மன்றத்தின் கையில் தரமாட்டார்கள். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி அல்லது விற்றுவரவு 1000 கோடி அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதை ஒரு அறக்கட்டளை மூலம் செய்தால் அதற்கு வருமான வரித் துறையின் 12ஏ (அறக்கட்டளை வருமானத்துக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) பதிவும், 2021 ஏப்ரலில் இருந்து மத்திய கம்பெனி விவகாரத் துறையில் பதிந்து வாங்கும் சிஎஸ்ஆர்-1 எண்ணும், மூன்று வருடம் வேலை செய்த அனுபவமும் இருக்க வேண்டும். இப்போதைக்குப் பதிவுள்ள ஓர் அமைப்போடு சேர்ந்து கேளுங்கள், பின்னால் உங்களுடையதைப் பதிவு செய்துகொள்ளலாம்.

அதைவிட முக்கியம், குளம் யாருடையது? ஆயக்கட்டு, அதாவது குளத்துத் தண்ணீர் பாயும் வயல், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் பெரும்பாலும் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்களுடைய அனுமதிக் கடிதம் இல்லாமல் நட்ட கன்று, நாளைக்குக் கரையைப் பலப்படுத்த வரும் ஜேசிபிக்குத்தான் தீனி. கரைமேல் எந்த மரம் வைக்கலாம் என்று பொறியாளரிடமே கேட்டுவிடுங்கள். வேர் கரையைப் பிளக்கும் என்று சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பனைக்கு மட்டும் வேண்டாம் என்று சொன்னவரை நான் இதுவரை பார்க்கவில்லை. குளத்துக்குள்ளே எதையும் நடாதீர்கள், அது தண்ணீருக்கும் நீர்ப்பறவைக்கும் உள்ள இடம்.

இன்னொன்று, கன்றுக்குப் பணம் கேட்காதீர்கள். பசுமைத் தமிழகம் இயக்கம் 2022இல் தொடங்கியதில் இருந்து வனத்துறை நாற்றங்காலில் நம் மண்ணுக்குரிய கன்றுகள் வளர்க்கிறார்கள், போய் விசாரியுங்கள். கேட்க வேண்டியது வேலிக்கும், இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆளுக்கும். நாங்கள் ஒருமுறை 400 கன்று நட்டு, போட்டோ எடுத்து, டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். வைகாசியில் போய்ப் பார்த்தால் ஆடு தின்றது போக மிச்சம் குச்சிதான் நின்றது. பணம் கொடுத்த கம்பெனி அதற்கப்புறம் எங்கள் போனை எடுக்கவே இல்லை, அவர்கள்மேல் தப்பும் சொல்ல முடியாது.

வள்ளியூர்ப் பக்கம் வில்லுப்பாட்டுக் குழு வைத்திருக்கிறோம். மூன்று நாள் கலைவிழா நடத்த ஆசை. யாரிடம் கேட்பது?

விழாவுக்கென்று கேட்டால் சிஎஸ்ஆரில் கிடைப்பது கஷ்டம். ஒரு நாள் கூத்தாக நடத்தும் நிகழ்ச்சிகள் அந்தக் கணக்கில் சேராது என்று 2014லேயே மத்திய அரசு விளக்கம் கொடுத்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் பாரம்பரியக் கலைகளை வளர்ப்பது இருக்கிறது. அதனால் விழாவை வகுப்பாக மாற்றுங்கள். கோயில் கொடை விழாக் காலத்தில் உங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது, மற்ற மாதங்களில் பத்துப் பிள்ளைகளுக்கு வாராவாரம் பழக்குகிறோம், வில், குடம், உடுக்கை வாங்க இவ்வளவு, ஆசானுக்கு மாதச் சம்பளம் இவ்வளவு, வருடக் கடைசியில் பிள்ளைகள் ஊரில் ஒரு ராத்திரி பாடுவார்கள் என்று எழுதுங்கள். அந்த ராத்திரிதான் உங்கள் விழா.

குழுவில் எல்லோரும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர்ந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். இசைக்கருவியும் உடையும் வாங்க இயல் இசை நாடக மன்றமும் உதவி தருகிறது, திருநெல்வேலியில் உள்ள கலை பண்பாட்டுத் துறையின் மண்டல அலுவலகத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். பழைய கதைப்பாட்டு ஏடுகளைத் தேடிப் பதிவு செய்கிற மாதிரி ஆராய்ச்சி வேலை என்றால், பெங்களூருவில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் தனி ஆளுக்கே நிதி தருகிறது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், இது நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிப் படித்துறையில் ஒரு கல்மண்டபம் சாய்ந்து நிற்கிறது. ஊரில் வசூல் செய்து நாங்களே சிமெண்ட் பூசிச் சரி செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். மண்டபம் அறநிலையத் துறையுடையதா, புறம்போக்கில் நிற்கிறதா, தனியார் ஏற்படுத்திய அறக்கட்டளையுடையதா என்று முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் இருந்தால், அதில் இருந்து 100 மீட்டர் வரை தடை, அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்கித்தான் வேலை. சிமெண்ட் கல்லையும் பழைய சுண்ணாம்புக் காரையையும் கெடுத்துவிடும். மணலைப் பீய்ச்சிச் சுத்தம் செய்கிறோம் என்று யாராவது வந்தால் விரட்டிவிடுங்கள், கல்வெட்டு எழுத்தெல்லாம் மழுங்கிப்போகும்.

பணம் கேட்பதானால் முதலில் ஆய்வுக்கும் எஸ்டிமேட்டுக்கும் கேளுங்கள். பழங்கட்டட வேலை தெரிந்த ஒருவர் வந்து அளந்து, படம் போட்டு, எந்தத் தூண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால், அந்தக் காகிதமே அடுத்த நிதியைக் கூட்டி வரும். என்ன கொடுமை என்றால் பெயிண்ட் அடிக்கப் பணம் கொடுப்பவர் ஊருக்குப் பத்துப் பேர், எஸ்டிமேட்டுக்குக் கொடுப்பவர் ஒருவர்கூடத் தேற மாட்டார். அப்புறம், 80ஜி உள்ள அறக்கட்டளை தன் வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சமயக் காரியத்துக்குச் செலவிடக் கூடாது. மண்டபத்தோடு சேர்த்துச் சுவாமி பீடத்தையும் கட்டிவிடலாம் என்று கிளம்பும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

பேட்டைக்காரர்கள் எட்டுப் பேர் துபாயில் இருக்கிறோம். படித்த பள்ளிக்கூடத்தில் நிழல்மரம் வைக்கப் பணம் அனுப்பினால் வெளிநாட்டு நிதிச் சட்டம் பாயுமா அண்ணாச்சி?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. எட்டுப் பேரில் யாராவது வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் அவர் பங்கை மட்டும் தனியாக நிறுத்தி வையுங்கள்.

பாளையங்கோட்டையில் எங்கள் தெருப் பூங்கா முள்ளடைந்து கிடக்கிறது. மாநகராட்சி செய்யாதா?

நமக்கு நாமே திட்டத்தில் கேளுங்கள் அக்கா. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மிச்சம் அரசு போடும். வசூலிக்கும்போது ரொக்கம் 2000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் கொடுத்தவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடைக்காது, அதனால் பெரிய தொகை எல்லாம் வங்கி மூலமாகவே வரட்டும்.

வேலை முடிந்தது. பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றைப் பணம் கொடுத்தவர்கள் கேட்கிறார்கள். தண்ணீர் ஊற்றிய பெரியவருக்குக் கையில் கொடுத்த கூலிக்கு பில் இல்லையே?

வவுச்சர் எழுதி, தேதி போட்டு, அவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். வாராவாரம் வாங்க வேண்டும், மார்ச் 30ஆம் தேதி ஐம்பத்திரண்டு வவுச்சரையும் ஒரே பேனாவில் எழுதிக் கொண்டுவந்தால் ஆடிட்டர் சிரிப்பார். நானும் ஒருமுறை அப்படிக் கொண்டுபோனவன்தான்.