படம் வருமுன் வரும் குரல்

கேள்வி: மலேசியாவின் நிபோங் தெபால் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பாலெடுத்த என் தந்தையார் விட்டுச்சென்றவை பதினொரு கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களே. அவற்றைக் காட்டினால் அம்மா கதை சொல்கிறார். ஆனால் சொல்லும்தோறும் கதை மாறுகிறது. இவற்றைக் கொண்டு குறும்படம் எடுக்க முடியுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடியும். பிரான்சின் கிறிஸ் மார்க்கர் 1962இல் வெளியிட்ட ‘லா ஜெத்தே’ ஏறத்தாழ முழுவதும் நிழற்படங்களால் ஆனது. படுத்திருக்கும் ஒரு பெண் கண் திறக்கும் சில நொடிகளில் மட்டுமே அதில் அசைவு உண்டு. ஆனால் அது கற்பனைக் கதை.

உங்கள் தேவைக்கு நெருக்கமானது, அமெரிக்கரான ஹாலிஸ் ஃபிராம்ப்டன் 1971இல் எடுத்த ‘நாஸ்டால்ஜியா’. தாம் நியூயார்க்கில் புகைப்படக்காரராக வாழ்ந்த காலத்துப் படங்களை அவர் மின்னடுப்பின் மீது ஒவ்வொன்றாக வைக்கிறார். அவை கருகிச் சுருண்டு சாம்பலாகும் வரை கேமரா மேலிருந்து அசையாமல் பார்க்கிறது. அப்போது ஒலிக்கும் குரலோ எரியும் படத்தைப் பற்றியன்று, அடுத்து வரவிருக்கும் படத்தைப் பற்றியே பேசுகிறது. ஆகவே கேட்டதை மனத்தில் ஏந்திக்கொண்டு, முன்பு கேட்டது எதுவென்று எதிரே கருகும் முகத்தில் தேட வேண்டிய நிலைக்கு நாம் ஆளாகிறோம். நினைவுகூர்தல் எவ்வளவு கடினமானது என்பதை இதைவிடத் துல்லியமாக உணர்த்திய படத்தை நான் பார்த்ததில்லை. ‘நான்’ என்று பேசும் அந்தக் குரல்கூட அவருடையதன்று. நண்பர் மைக்கேல் ஸ்னோ வாசித்தது.

உங்களுக்கு இரவல் குரல் தேவையில்லை. அம்மாவின் லயத்துப் பேச்சை, அதாவது தோட்டக் குடியிருப்பின் பேச்சுத் தமிழை, எழுத்துத் தமிழாக்கித் திருத்திவிடாதீர்கள். ஒரே படத்தைப் பற்றி வெவ்வேறு நாட்களில் அவர் சொல்வதைப் பதிவு செய்து, முரண்படும் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். கதை மாறுவதைக் குறையென எண்ணுகிறீர்கள், எனக்கோ அதுவே உங்கள் படத்தின் உயிராகத் தோன்றுகிறது. மூலப் படங்களைத் தீயிடத் துணிய வேண்டாம். ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் இருக்கக்கூடிய பின்பக்கத்தையும் சேர்த்து நகலெடுங்கள். படத்தை மெல்லப் பெரிதாக்குவதையும் சோக இசையையும் தவிருங்கள். ஒரு முகத்தை இருபது நொடி அசையாமல் நிறுத்தினால், பார்ப்பவர் கண்ணே அதில் அலையத் தொடங்கும்.

ஃபிராம்ப்டன் கடைசியாக விவரிக்கும் படம் திரைக்கு வருவதே இல்லை. தொலைந்துபோன ஏதேனும் ஒரு படத்தைப் பற்றி அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் கறுப்புத் திரையின் மீது ஒலிக்க விடுங்கள்.