ஸ்பானிஷ் டீச்சருக்கு சேலத்தில் மேடை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் நாத்தனார் டெக்சாஸில் அரசுப் பள்ளியில் முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆவணியில் சேலம் வருகிறார். மண்டபம் பிடித்து, பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. “இங்கே எவனுக்கும் புரியாத பாஷை, அதுக்கு எதுக்கு மேடை?” என்கிறார் மாமனார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: பெற்ற மகளுக்கு மேடை வேண்டாம் என்கிறவர் பாஷைக்காகச் சொல்லவில்லை, சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயந்து சொல்கிறார். அவரிடம் சொல்லுங்கள்: ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. டெக்சாஸே 1836 வரை மெக்சிகோவோடு இருந்த நிலம்தான். அங்கே அது தெருவில் கேட்கிற பாஷை.

அதனால்தான் அந்த வேலை லேசானதல்ல. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் பாட்டியோடு ஸ்பானிஷில் மல்லுக்கட்டி வளர்ந்தவர்கள். பேச்சு அருவி மாதிரி வரும், எழுதச் சொன்னால் எழுத்தின் தலையில் போடவேண்டிய கோடு காணாமல் போகும். மறுபாதி இங்கிலீஷ் மட்டுமே அறிந்தவர்கள். ‘நான்’ போடாமல் வாக்கியம் நிற்கும் என்பதையே நம்ப மாட்டார்கள். நமக்கு அதில் திகைப்பே இல்லை. வந்தேன், வந்தாய், வந்தார்கள் என்று ஆளை வினையின் வாலிலேயே சொல்லிவிடுகிறோமே, ஸ்பானிஷும் அப்படித்தான். நீ, நீங்கள் என்ற மரியாதைக் கணக்கும் அதில் உண்டு. ஒரு தமிழ்ப் பெண் அங்கே போய் அதைச் சொல்லிக்கொடுத்து நிலைத்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

நானும் அம்மாப்பேட்டைப் பக்கம் தமிழாசிரியையாக இருந்தவள். வீட்டில் சௌராஷ்டிரமும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ழகரம் வரவழைக்கக் கூடவே நாக்கை மடித்துக் காட்டியவள். இரண்டு பாஷைப் பிள்ளைகளை ஒரே பெஞ்சில் வைத்து மேய்த்தவர்களுக்கு மட்டும் தெரிந்த களைப்பு ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் நாத்தனாரிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். கேளுங்கள், விழாவில் பாதி அதிலேயே முடிந்துவிடும்.

மண்டபம் வேண்டாம். நம் ஊர்ப் பாராட்டு விழா எனக்குத் தெரியும். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை என்று எட்டுப் பேர் தங்களைப் பற்றியே பேசி, நாயகிக்கு மைக் கிடைக்கும்போது பந்தியில் இலை போட்டிருப்பார்கள். வீட்டு மொட்டைமாடி போதும். செப்டம்பர் 5, ராதாகிருஷ்ணன் பிறந்தநாள், ஆவணியில்தான் வருகிறது. அன்று சாயங்காலம் வையுங்கள். ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் வாங்கிக் கொடுத்து, வீட்டுக் குழந்தைகளைக் கீழே உட்காரவைத்து, அரைமணி நேரம் பாடம் எடுக்கச் சொல்லுங்கள். கேள்வி வாக்கியத்தின் தொடக்கத்திலேயே தலைகீழாக ஒரு கேள்விக்குறி போடுவது ஸ்பானிஷ் வழக்கம், 1754ல் அவர்களுடைய மொழி அகாதெமி வகுத்த விதி. அதை எழுதிக் காட்டினால் எந்தப் பிள்ளையும் சிரிக்காமல் இருக்காது. மாமனாரையும் முன்வரிசையில் உட்காரவையுங்கள்.

அதற்கு முன்னால், நாத்தனாரின் பிள்ளைகளிடம் சொல்லி, பழைய மாணவர்கள் நாலைந்து பேரின் குரல்பதிவை வாங்கி வையுங்கள். “நல்ல டீச்சர்” என்கிற பதிவு வேண்டாம். எந்த வகுப்பில் என்ன நடந்தது என்று சொன்னால் போதும்.

அழைப்பிதழில் ‘பப்ளிக் ஸ்கூல்’ என்று அச்சடிக்காதீர்கள். இங்கே கட்டணம் வாங்குகிற பெரிய பள்ளி என்று நினைப்பார்கள். அரசுப் பள்ளி என்றே போடுங்கள். கேடயமும் வேண்டாம், விமானத்தில் எடைக் கணக்கு பார்க்கிறவருக்கு அது தண்டனை. ஏற்காட்டுக் காப்பித்தூள் அரைக்கிலோ கொடுங்கள், வறுத்து அரைத்தது என்பதால் அமெரிக்காவுக்குள் தடையில்லை. செவ்வாய்ப்பேட்டையில் சின்ன வெள்ளிக் குங்குமச்சிமிழும் கிடைக்கும். மாம்பழ சீசன் முடிந்திருக்கும், வந்தவர்களுக்குத் தட்டுவடை செட் போட்டுவிடுங்கள். பீட்ரூட் துருவல் தாராளமாக.

கேள்வி: எங்கள் மலைக் கிராமத்து அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியருக்கு இந்த வருடம் 60 முடிகிறது. பெற்றோர்கள் காசு சேர்த்து மோதிரம் போடலாமா?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: வேண்டாம். பணியில் இருக்கிறவர் பரிசு வாங்குவதற்கு நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு, நல்ல மனிதரைக் கடைசி மாதத்தில் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். காப்பித் தோட்டத்துக் கூலியில் தலைக்கு இவ்வளவு என்று கேட்பதும் நியாயமில்லை. வசதியுள்ள முன்னாள் மாணவர்கள் இருந்தால், 2022ல் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாக அந்தப் பள்ளிக்கே ஆங்கிலப் புத்தக அலமாரி ஒன்று செய்து கொடுக்கலாம். முதலில் தலைமையாசிரியரைப் பாருங்கள், என்ன தேவை என்ற பட்டியல் அவரிடம் இருக்கும்.