ஐந்து பேருக்கு எத்தனை சதுரம்?

கேள்வி: தேவிபட்டினத்தில் எங்களுக்கு 3 சென்ட் மனை இருக்கிறது. நான், கணவர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், ஐந்தாம் வகுப்பு மகன், மூட்டுவலி உள்ள மாமியார் என ஐந்து பேர். கணவர் நாட்டுப்படகில் கடலுக்குப் போகிறவர். கையில் உள்ள பணம் எட்டுச் சதுரத்துக்குத்தான் (ஒரு சதுரம் 100 சதுர அடி) தாங்கும். மாடி போடும் எண்ணம் இல்லை. ஒப்பந்தக்காரரோ, 12 சதுரம் இல்லாமல் ஐந்து பேர் குடியிருக்க முடியாது, மீதிப் பணத்துக்குக் கடன் ஏற்பாடு செய்து தருகிறேன் என்கிறார். உண்மையில் எவ்வளவு இடம் தேவை?

பதில்: சகோதரி, எட்டுச் சதுரம் உங்களுக்குத் தாராளம். ஏழுக்குள்ளேயே முடிக்கலாம்.

முதலில் ஒப்பந்தக்காரர் சொன்ன கணக்கையே பாருங்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மூன்று சென்ட் சுமார் 1,307. அதில் 1,200 சதுர அடியைத் தரைத்தளமே எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது 107. சுற்றிலும் விட வேண்டிய காலியிடம் எங்கே, செப்டிக் டேங்க் எங்கே? சதுர அடிக்கு இவ்வளவு என்று பணம் வாங்குகிறவரிடம், எத்தனை சதுர அடி கட்டலாம் என்று யோசனை கேட்கவே கூடாது. கடனையும் அவரே வாங்கித் தருகிறேன் என்றால் இன்னும் விலகி நில்லுங்கள்.

தலைக்கு இத்தனை அடி என்று கணக்குப் போடுவதும் வேண்டாம். யார், எந்த நேரத்தில், எங்கே படுப்பார்கள் என்று பாருங்கள். உங்கள் கணவர் விடியுமுன் போய், திரும்பி வந்து பகலில் தூங்குகிறவர். அவருடைய அறை அடுப்படியை ஒட்டி இருக்கக் கூடாது. மகளுக்கும் மாமியாருக்கும் ஓர் அறை, உங்களுக்கு ஓர் அறை. மகன் இப்போதைக்குக் கூடத்தில் படுக்கட்டும். அறை ஒவ்வொன்றும் 10-க்கு 11 அடி போதும். ஐந்தடி அகலக் கட்டிலைச் சுவரோரம் போட்டு, எதிர்ச்சுவரில் ஒன்றரை அடி ஆழ பீரோவை வைத்தாலும், நடுவில் மூன்றரை அடி நடக்கக் கிடைக்கும். கூடம் 11-க்கு 14, சமையலறை 8-க்கு 9, குளியலறையும் கழிப்பறையும் சேர்த்து நாலரைக்கு 8. வழிநடைக்கு ஒரு 40 சதுர அடி. மொத்தம் 522.

ஆனால் இது சுவருக்கு உள்ளே உள்ள இடம். ஒப்பந்தக்காரர் அளப்பது வெளிச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து. 20-க்கு 31 அடி வீடு வெளியே 620 சதுர அடி. ஒன்பது அங்குல வெளிச்சுவரும் நாலரை அங்குல உள்சுவர்களும் போக, உள்ளே நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய அந்த 522 தான். முன்னால் 50 சதுர அடிக்கு ஒரு திண்ணை சேர்த்தால் 670. உங்கள் கணக்கு இதுதான்.

இதில் நான் சேர்க்காதது வலை. கடலுக்குப் போகிறவர் வீட்டில் வலை, மிதவை, டீசல் கேன், ஐஸ் பெட்டி எல்லாம் எங்காவது இருந்தாக வேண்டும். 360 சதுர அடி என்று அரசு வீட்டுத் திட்டம் தீட்டுகிறவர்கள், கடற்கரைக் குடும்பம் வலையை எங்கே வைக்கும் என்று ஒரு முறையாவது கேட்டிருக்கலாம். கேட்காததால் அது படுக்கையறைக்குள் வருகிறது. உப்பு ஏறிய ஈரவலை காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது சாய்ந்திருக்கும் சுவரில் பூச்சு பொரிந்து உதிரும். டீசல் கேனை ஆள் படுக்கும் அறையில் வைப்பது ஆபத்து. அதற்காக வலைக்கென்று கான்கிரீட் கூரையில் ஓர் அறையும் வேண்டாம். பக்கவாட்டுக் காலியிடத்தில், விதி அனுமதிக்கும் அளவுக்குள், 6-க்கு 8 அடியில் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று இறக்குங்கள். தகரம் வேண்டாம், உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். வலையைப் படகிலேயே விட்டு வருகிறவர் என்றால் இதில் பாதி போதும். வீட்டுக்குக் கொண்டுவந்து பழுது பார்க்கிறவர் என்றால், சாய்ப்பை அகலப்படுத்துவதைவிடத் திண்ணையை நீளமாக்குங்கள். வலையை இழுத்துக் கட்ட நீளம்தான் வேண்டும்.

மிச்சமாகும் ஒரு சதுரத்தின் பணம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரநிலை. உங்கள் பக்கத்து போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. சோதிக்காமல் அதையே ஊற்றிக் கலவை போட்டால் கம்பி உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துக் கூரை வெடிக்கும். தண்ணீரைச் சோதியுங்கள், உப்பாக இருந்தால் லாரியில் நல்ல தண்ணீர் வரவழையுங்கள். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் (கம்பியைப் பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை) வைக்கிறார்களா என்று நின்று பாருங்கள். கடலோர வீட்டில் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது.

மனை, கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் வந்தால் கடலோர ஒழுங்குமுறை விதியும் பொருந்தும். அப்ரூவல் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வரும் தரகரை நம்பாதீர்கள். எந்தச் சர்வே எண் எந்த வரம்புக்குள் வருகிறது என்பதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டினால் இந்தத் தரகர்களுக்கு வேலையே இருக்காது. அதைக்கூடச் செய்யாமல் மக்களை அலைய விடுகிறார்கள். நீங்களே மனு எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தம் போடும்போது, திண்ணையை முழுதாக அளப்பதா பாதியாகவா, சன்ஷேடு, வெளிப்படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி ஆகியவை சதுர அடிக் கணக்கில் வருமா வராதா என்பதை ஒவ்வொன்றாக எழுதச் சொல்லுங்கள். 670 சதுர அடி வீடு கடைசி பில்லில் 800 ஆவது இந்த இடத்தில்தான். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள்.