வைத்த இலக்கை எட்ட முடியாமல் போனால் எப்படிச் சமாளிப்பது?

"போட்ட இலக்கில் பாதியைக்கூடத் தொட முடியவில்லை. என்மீதே வெறுப்பாக இருக்கிறது. இதிலிருந்து எப்படி மீள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெறுப்பு வரை போய்விட்டதால், முதலில் கணக்கைச் சரிபார்க்கச் சொல்வேன். அந்த இலக்கின் அளவையும் தேதியையும் எதை வைத்து முடிவு செய்தீர்கள்? பெரும்பாலும் மனம் தெம்பாக இருக்கும் ஒரு நாளில்தான் நாம் இலக்கு போடுகிறோம். காய்ச்சலில் படுக்கும் வாரமும், வேலை ராத்திரி வரை இழுக்கும் மாதமும், வீட்டில் ஒருவரைக் கவனித்துக்கொள்ள வேண்டிய நாட்களும் அந்தக் கணக்கில் இருப்பதில்லை. ஆனால் அவை வராத வருடமே கிடையாது.

டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979-லேயே இதைத் 'திட்டமிடல் பிழை' என்று எடுத்துச் சொன்னார்கள். அப்புறம் 1994-ல் ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. சரி, எல்லாமே தப்பாகப் போனால்? 49 நாள் என்றார்கள். கடைசியில் ஆனதோ 55 நாளுக்கு மேல். தாங்களே கற்பனை செய்த மோசமான நிலையையும் தாண்டிவிட்டார்கள். இத்தனைக்கும் எழுதி முடித்தவர்கள் அவர்கள், சோம்பேறிகள் அல்ல. உங்களை நீங்கள் எந்த எண்ணை வைத்து அளந்து வெறுக்கிறீர்களோ, அதுவும் இப்படிப் போட்ட எண்ணாக இருக்க நிறையவே வாய்ப்பிருக்கிறது.

ஆகவே, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் வாரத்துக்கு உண்மையில் எவ்வளவு செய்தீர்கள் என்று எழுதிப் பாருங்கள். நல்ல வாரங்களை மட்டும் பொறுக்கி எடுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அதுதான் இன்றைய உங்கள் வேகம். அடுத்த இலக்கை அதற்குச் சற்று மேலே போடுங்கள், போதும். பழைய பாக்கியை அதன் தலையில் ஏற்றாதீர்கள். விட்டதையெல்லாம் ஒரே மாதத்தில் பிடித்துவிடப் பார்க்கும்போதுதான் பலரும் இரண்டாம் முறை சறுக்குகிறார்கள்.

இலக்கு தவறியதைவிட, தவறிய மறுநாள் நடப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று தோன்றும் பாருங்கள், அந்த மனநிலையைத்தான் சொல்கிறேன். ஜேனட் பாலிவி, பீட்டர் ஹெர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களிடம் இதைப் பல வருடங்கள் கவனித்தார்கள். கட்டுப்பாடு ஒரு முறை உடைந்துவிட்டது என்று தோன்றியதும், அவர்கள் அந்த வேளையில் மற்றவர்களைவிட அதிகமாகவே சாப்பிட்டார்கள். முதல் கவளம் செய்த கெடுதல் கொஞ்சம். இனி என்ன என்ற எண்ணம் செய்ததுதான் அதிகம். படிப்பிலும் பயிற்சியிலும் சேமிப்பிலும் இதே கதைதான் நடக்கிறது.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போயிற்று என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து, ஒரு பழக்கம் படிய எவ்வளவு காலம் ஆகிறது என்று பார்த்தார்கள். நடுவில் நிற்கும் எண் 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனது, பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரோடு உங்கள் வேகத்தை ஒப்பிட்டு வருந்துவதில் ஏன் பொருளில்லை என்று அந்த 18-க்கும் 254-க்கும் உள்ள தூரமே சொல்லிவிடும்.

தன்னைத் திட்டிக்கொண்டால்தான் திருந்துவோம் என்று நம்மில் பலருக்கு ஆழமான நம்பிக்கை இருக்கிறது. நான் இதை ஏற்பதில்லை. தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்ட முதலாண்டு மாணவர்களைப் பற்றி 2010-ல் வந்த ஆய்வில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டு விழும் இடத்துக்குத் திரும்பிப் போக யாருக்கும் மனம் வராது. திட்டுவது நாமே என்றாலும் அப்படித்தான். இந்த வெறுப்பு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுத்துக்கொண்டு வாரக்கணக்கில் நீடித்தால், தயவுசெய்து ஒரு மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ பேசுங்கள். அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, சில இலக்குகளை விட்டுவிடுவதே சரி. நான் நீண்ட தூர ஓட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, இந்த முழங்கால் அதற்குத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். தோற்றுப்போனதாகவே வெகுநாள் தோன்றியது. யோசித்துப் பார்த்தபோதுதான், நான் விரும்பியது காலையில் தனியாக வெளியே இருக்கும் அந்த நேரத்தை என்று புரிந்தது. அது நடையிலும் கிடைத்தது. எட்ட முடியாத இலக்கை விடத் தெரிந்தவர்களும், வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களும் மனநலத்தோடு இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ரோஷ் என்ற ஆய்வாளரின் குழு எழுதியிருக்கிறது.

விடுவதா தொடர்வதா என்று குழப்பமாக இருந்தால், இப்படிக் கேட்டுப் பாருங்கள்: இதை நான் முடித்தேன் என்று யாருக்குமே தெரியப்போவதில்லை என்றாலும் இதைச் செய்வேனா? ஆம் என்று வந்தால் தேதியை மட்டும் மாற்றுங்கள். இல்லை என்று வந்தால், இத்தனை நாள் அதற்குப் போன நேரத்தை வேறு எதற்குக் கொடுக்க ஆசை என்று யோசிக்கத் தொடங்கலாம்.