கோபத்தைத் தூண்டி வளரும் இயக்கங்களால் ஜனநாயகத்துக்கு ஆபத்தா? மக்கள் கோபப்படுவதே தவறா?

கோபப்படுவதில் தவறே இல்லை. நான் மார்த்தாண்டம் பக்கம், எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்ததே அப்படி ஒரு கோபத்தில்தான். திருவிதாங்கூரில் இருந்த தமிழ்ப் பகுதிகளைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி தலைவர் நேசமணி காலத்தில் நடந்த போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் செத்துப்போனார்கள். அதற்கு முன்பும் பின்பும் போராடியவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. தேர்தலில் நின்று கேட்டார்கள், மாநில மறுசீரமைப்பு ஆணையத்திடம் கேட்டார்கள். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் இந்தப் பக்கம் வந்ததும், பின்னால் தங்கள் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கட்சியையே காங்கிரசோடு இணைத்துவிட்டார்கள். கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது, கலைந்தார்கள்.

எனக்குப் பயம் தருவது கலையவே விரும்பாத கோபம். அதற்குக் கோரிக்கை தேவையில்லை, எதிரி இருந்தால் போதும். 'நாங்கள்தான் மக்கள்' என்று ஒரு தலைவர் சொல்லிவிட்டால், அவரைத் தடுக்கிற நீதிபதியும் கேள்வி கேட்கிற பத்திரிகைக்காரரும் மக்கள் விரோதி ஆகிவிடுகிறார்கள். ஹங்கேரியில் ஓர்பான் 2010இல் ஒழுங்காகத் தேர்தலில் ஜெயித்துத்தான் வந்தார். மூன்றில் இரண்டு பங்கு இடம் கையில் இருந்ததால் புது அரசியல் சட்டம் எழுதி, தேர்தல் சட்டத்தை மாற்றி, நீதிபதிகள் ஓய்வு பெறும் வயதை 70இலிருந்து 62க்குக் குறைத்து மூத்தவர்களை வீட்டுக்கு அனுப்பினார், எல்லாமே நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடத்தி, சட்டப்படி. பிரேசிலில் அதிபர் தேர்தலில் தோற்ற பொல்சொனாரோவின் ஆட்கள் 2023 ஜனவரி 8 அன்று நாடாளுமன்றத்துக்குள்ளும் உச்ச நீதிமன்றத்துக்குள்ளும் புகுந்து அடித்து நொறுக்கினார்கள்.

இங்கேயும் அந்த விதை விழுகிறது. என் மாமாவுக்கு ஒரு ஏக்கர் ரப்பர். 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ஷீட், 2016 தொடக்கத்தில் நூறுக்கும் கீழே போனது. பால் வெட்டுகிற கூலிக்கே கட்டாமல் மரத்தைச் சும்மா விட்டிருந்தார். உலகச் சந்தையில் விலை சரிந்தது, டயர் கம்பெனிகள் வெளியிலிருந்து இறக்கின, இதைக் கேட்க அவருக்கு முழு நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நாள் சாயங்காலம் போனில் வந்த குரல் பதிவு ஒன்றைச் சத்தமாக வைத்து, "கேளு மக்கா, உள்ளதச் சொல்லுதான்" என்றார். பேசியவன் ஆறு நிமிடமும் பக்கத்து ஊர் வேற்று மதக்காரர்களைத்தான் திட்டினான். 1982இல் மண்டைக்காடு மதக் கலவரத்தைப் பார்த்த மாவட்டம் இது, எனக்குக் கை நடுங்கியது.

"மாமா, இதுல ரப்பர் வெல எங்க வருது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பதிவை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு, போனைக் காதோடு சேர்த்து வைத்துக் கடைசி வரைக்கும் கேட்டார்.